பழனாத்தாள் குரூப்பில் போட்ட வரி

லிஃப்ட் கீழிருந்து நான்காம் மாடிக்கு ஏறுவதற்குள் பழனாத்தாள் ஒரு வினைச்சொல்லை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிடுவார். "புட் ஆன். புட் ஆஃப். புட் அவுட்." இடுப்பில் கீரைக்கட்டு, கையில் பால் பாக்கெட், கண்கள் மேலே மாறும் எண்களில். கதவு திறந்ததும் வாய் மூடிக்கொள்ளும். கூட வருவது நான் மட்டும் என்றால் மூடாது. "ஏனுங் அம்மணி, சட்டை போடறதும் புட் ஆன், லைட்டுப் போடறதும் புட் ஆனுங்களாம். அப்பச் சண்டை போடறதுக்கு என்னங்க?" என்று என்னைக் கேட்பார். தெரியவில்லை என்று சொன்னால் அவருக்கு ஒரு சந்தோஷம். "உங்களுக்கே தெரியிலீங்களா!"

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழையும் தென்னையும் உள்ள குடும்பம். கணவர் செங்கோட்டையன் தோட்டத்தை விட்டு வரமாட்டார். சனிக்கிழமை மட்டும் ஒரு வாழைத்தாரோடு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மோட்டார் ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார். மகள் ரித்திகாவுக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளுக்காகத்தான் சிங்காநல்லூரில் எங்கள் அபார்ட்மெண்டில் வீடு வாங்கி, பழனாத்தாள் இங்கே இருக்கிறார். ஆங்கிலத்தைப் பேசும்போதும் அவர் கொங்கு மரியாதையை விடுவதில்லை. "தேங்க்யூங்க." "சாரிங்க." லிஃப்டுக்குள் ஒரு பெண்குரல் கதவை மூடச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்கும். அதற்கும் "மூடறனுங்க" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் மூடுவார்.

அவர் ஆங்கிலம் கற்க வந்ததற்குக் காரணம் வெளிநாடும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. எங்கள் அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குரூப்தான். தண்ணீர் வராது என்பதிலிருந்து கொலு அழைப்பு வரை அதில் எல்லாமே ஆங்கிலத்தில் வரும். பழனாத்தாள் எதற்கும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் பி பிளாக்கில் ஒரு பெரியவர் இறந்துபோன செய்திக்கும் அதே கட்டைவிரலைப் போட்டுவிட்டார். மகள் அலுவலகத்திலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டு அழிக்கச் சொல்வதற்குள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. துக்க வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று, "எழுத்துத் தெரியாமப் போட்டுட்டனுங்க" என்று இறந்தவரின் மகனிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரமே ரெபேக்காவின் வகுப்பில் சேர்ந்தார்.

ரெபேக்கா இரண்டாம் மாடி. சர்ச் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையாக இருந்து, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். புதன்கிழமை மத்தியானங்களில் அசோசியேஷன் ஹாலில் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறார். வாரம் ஒரு வினைச்சொல். அதோடு ஒட்டும் சின்னச் சொல் மாறினால் பொருள் எப்படித் தாவுகிறது என்பதுதான் பாடம். பழனாத்தாள் முதல் வரிசை. புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டும் பழக்கம் அவரிடம் இல்லை. புரிந்துவிட்டால் ஹாலே அதிரும்படி "அட ஆமாங்க!" என்பார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ரெபேக்கா நடத்திய வினைச்சொல் டிக் அப்.

"மண்ணைத் தோண்டி ஒரு பொருளை வெளியே எடுத்தாலும் டிக் அப். ஒருத்தரைப் பற்றி மறைஞ்சு கிடக்கிற பழைய விஷயத்தைத் தோண்டி எடுத்தாலும் டிக் அப்" என்றார் ரெபேக்கா.

"அட ஆமாங்க! நம்முளதுலயும் அப்படித்தானுங்க. அவங்க வமுசத்தையே தோண்டிப்போட்டாங்கன்னு சொல்லுவமில்லீங்க" என்றார் பழனாத்தாள். வகுப்பே சிரித்தது. ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதிவரச் சொன்னார் ரெபேக்கா. ஒன்று மண்ணைப் பற்றி, ஒன்று விஷயத்தைப் பற்றி.

மண்ணைப் பற்றி எழுதப் பழனாத்தாள் வெளியே தேட வேண்டியதில்லை. எங்கள் அபார்ட்மெண்டின் பின்புறம், சுற்றுச்சுவருக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே ஒரு நீளத்துண்டு மண் இருக்கிறது. யாரும் சீந்தாத இடம். ஊரிலிருந்து கொடி கொண்டுவந்து அதில் சர்க்கரைவள்ளி போட்டிருந்தார். சாம்பலும் காய்கறித் தோலும் கொட்டிக் கொட்டி மண்ணைத் தேற்றியிருந்தார். இலை அடர்ந்து கால்வாயின் மேல் மூடிய சிமெண்ட் பலகைகள் வரை படர்ந்துவிட்டது. "தை நோம்பிக்கு ஊட்டுக்கு ஊடு கெழங்கு வந்துருமுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

மறுநாள் காலையில் கூடையோடு போனார். கொடியெல்லாம் சுருட்டி ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. மண் தட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஒரு கிழங்கு இல்லை. நிமிர்ந்தபோது வாட்ச்மேன் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டி கண்ணில் பட்டது. அதன் வாயில் ஈரமண் ஒட்டியிருந்தது.

வாட்ச்மேன் ஞானாபரணம் அப்போது கேட்டருகில் குழந்தைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் மனிதர், அறுபதை நெருங்கியவர். அதிகம் பேசமாட்டார். குழந்தைகளுக்கு மட்டும் பைபிள் கதை எதையாவது சொல்லிக்கொண்டே ஷூ லேஸ் கட்டிவிடுவார். அவரிடம் ஒரு சின்ன வினோதம். யாராவது காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிச் சாவியை நீட்டினால் வாங்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வராதுங்க" என்பார். சோம்பேறித்தனம் என்று சிலர் நினைத்தோம்.

இதெல்லாம் பழனாத்தாளுக்கும் தெரியும். ஏப்பா, யாரு கெழங்கத் தோண்டினது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் அந்த வினைச்சொல்லைக் கற்றிருந்தார். கோபமும் பாடமும் ஒரே நேரத்தில் கையில் இருந்தன. கூடையை வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப்போய் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை முதலில் ரெபேக்காவுக்கு அனுப்பினார். ரெபேக்கா 'டிக்டு' என்றிருந்ததை 'டக்' என்று திருத்தி, ஒரு நட்சத்திரமும் போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்புறம் குரூப்பில் அந்த வரி வந்தது. "சம்படி டக் அப் மை ஸ்வீட் பொட்டேட்டோஸ். ப்ளீஸ் டிக் அப் த ட்ரூத்."

பழனாத்தாள் இரண்டு வருடமாகக் கட்டைவிரல் மட்டும் போட்டுக்கொண்டிருந்த குரூப். கைதட்டல்களும் இதயங்களுமாக வந்து விழுந்தன. சாயங்காலம் லிஃப்டில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒரே சொல்லுங்க அம்மணி. மேல மண்ணுக்குப் போட்டேன், கீழ உண்மைக்குப் போட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டேன், பாத்தீங்களா?" கிழங்கு போனதே அவருக்கு அந்த நிமிடம் மறந்திருந்தது.

அசோசியேஷன் செயலாளர் கிருபாசங்கர். பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாதவர், அவ்வளவுதான். பின்புறத்துக்குக் கேமரா இல்லை என்பதால் வாட்ச்மேனை விசாரித்தார். ஞானாபரணம், தான் எடுக்கவில்லை என்றார், மண்ணை மூடியது மட்டும் தான்தான் என்றார். அந்த இரண்டாவது பாதியிலேயே கிருபாசங்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டது; ஏன் மூடினார் என்று கேட்க அவர் நிற்கவில்லை. வால்பாறையில் அவருக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் உண்டு. அவருக்கு ஒரு போன் போட்டார். அந்தக் கடைக்காரர் இன்னொருவருக்குப் போட்டார்.

இரண்டாம் நாள் குரூப்பில் நீளமான செய்தி வந்தது. ஞானாபரணம் முன்பு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கிக் கீழே போனது. இலை பறிக்கும் பெண்கள் இருவர் செத்துப்போனார்கள். வழக்கு நடந்தது. சிறைக்குப் போய்விட்டு வந்தவர். இதை அவர் வேலைக்குச் சேரும்போது சொல்லவில்லை.

கிழங்கைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. குழந்தைகள் இருக்கிற இடம் என்று ஒருவர் போட்டார். நம்பி வேனில் ஏற்றிவிடச் சொன்னோமே என்று ஒருவர் போட்டார். வாட்ச்மேனை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போனது. போகிப் பண்டிகையன்று மத்தியானம் ஞானாபரணம் ஒரு பையோடு கேட்டருகில் நின்று, புதிதாக வந்தவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, எந்தச் சாவி எதற்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். பழனாத்தாள் பால்கனியில் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் நின்று பார்த்தார். பக்கத்துப் பால்கனியில் நான் நிற்பதைக் கண்டதும், "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க" என்றார். போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "கெழங்கு பெருசில்லீங்க. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்று மறுபடியும் சொன்னார். பொங்கல் மூன்று நாளும் பார்த்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்த வாரம் பின்புறக் கால்வாய் அடைத்துக்கொண்டு நாற்றம் எடுத்தது. பிளம்பர் வேலுமணி வந்து சிமெண்ட் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். மூன்றாவது பலகைக்கு அடியில் கிழங்குகள் கிடந்தன. கொறித்துக் கொறித்துப் பாதியான கிழங்குகள், முழுக் கிழங்குகள், மேலே கிழிந்த சாக்குத் துணுக்குகள். சுவரோரம் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளை.

"பெருக்கானுங்க" என்றார் வேலுமணி. பெருச்சாளியைத்தான் அவர்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள்.

பழனாத்தாள் கால்வாய் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். பல் தடம் தெளிவாக இருந்தது. "மண்ணு தட்டிக் கெடந்துச்சே?" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அது ஞானாபரணம் அண்ணனுங்க" என்றார் வேலுமணி. "நான் அன்னைக்கு வெடியக்காலைல டேங்க் பாக்க வந்திருந்தனுங்க. பெருக்கான் மண்ணையெல்லாம் வாரி எறைச்சுப் போட்டிருந்துது. அந்தம்மா ஆசையா வெச்சதுப்பா, இந்தக் கோலத்துல பாத்தா மனசு சங்கடப்படும்னு சொல்லிக் கொடியெல்லாம் சுருட்டி வெச்சு, மண்ணைத் தள்ளி மூடுனாருங்க. உங்ககிட்டப் பக்குவமாச் சொல்லணும்னாரு. அதுக்குள்ள வேன் வந்துருச்சு."

"இத ஏங்க நீங்க சொல்லுல?"

"என்னைய யாருங்கம்மா கேட்டாங்க? குரூப்புல நான் இல்லீங்களே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி கடப்பாரையை எடுத்துக்கொண்டார். பழனாத்தாள் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பெருக்கான் தோண்டிய மண்ணுக்கும் மண்வெட்டி தோண்டிய மண்ணுக்கும் வித்தியாசம் சின்ன வயதிலேயே தெரிந்தவர். நான் கைகொடுத்துத் தூக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொள்ளாமல், மண்ணில் கையூன்றித் தானாகவே எழுந்தார்.

அன்று குரூப்பில் அவர் தமிழில் எழுதினார். கிழங்கைத் தோண்டியது பெருச்சாளி. வாட்ச்மேன் அல்ல. நான் விசாரிக்காமல் எழுதினேன். தப்பு என்னுடையது. அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஒன்றிரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். கிருபாசங்கர் 'நோட்டட் மேடம்' என்று போட்டார். அதற்குக் கீழே ஒருவர் இட்லி மாவு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

மாதக் கூட்டம் வந்தது. லிஃப்ட் பராமரிப்புப் பேச்சுக்கு நடுவே பழனாத்தாள் எழுந்து நின்றார். முதல்முறையாக அந்தக் கூட்டத்தில் பேசுகிறார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"அந்த மனுசன் கெழங்கு எடுக்குலீங்க. நான் எழுதுனதுதான் தப்புங்க. அவரத் திருப்பிக் கூட்டி வெச்சுக்கலாமுங்க" என்றார்.

கிருபாசங்கர் நிதானமாகத்தான் பேசினார். "மேடம், உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. கெழங்கு விஷயம் முடிஞ்சு போச்சு. ஆனா அவரு ஹிஸ்டரி வேறங்க. தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியுங்களா?"

"அதத் தெரிஞ்சுக்கணும்னு யாருங்க கேட்டா?"

"நீங்கதானுங்க மேடம்" என்றார் கிருபாசங்கர். குத்திக்காட்டும் குரல் இல்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர் போலக் கேட்டார். "டிக் அப் த ட்ரூத்னு குரூப்புல போட்டது நீங்கதானுங்களே?"

பழனாத்தாள் காது நுனி வரை சிவந்துபோனார். அப்படியே உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் லிஃப்டுக்குத் திரும்பியது. எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் அவர் லிஃப்டில் வருவதில்லை. முழங்கால் வலியோடு நான்கு மாடியும் படியேறினார். கேட் வழியாகப் போகும்போது புது வாட்ச்மேனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவார். புதன்கிழமை வகுப்புக்கு வரவில்லை. ரெபேக்கா வீட்டுக்கே வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்த ரெபேக்கா, "என்கிட்ட அனுப்புனீங்களேக்கா. நான் கிராமரை மட்டும்தான் பார்த்தேன். என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலை" என்றார்.

"நீங்க வாத்தியாரு. அதத்தானுங்க பாப்பீங்க" என்றார் பழனாத்தாள்.

மகள் ரித்திகா, அவளுக்குத் தெரிந்த முறையில் தேற்றிப் பார்த்தாள். "நீ ஒருத்தி எழுதுனதால ஆகலைம்மா. எல்லாருந்தான சேர்ந்து அனுப்புனாங்க."

"மத்தவங்க போட்டது மத்தவங்களுக்குக் கண்ணு. நான் போட்டது எனக்கு" என்றார் பழனாத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞானாபரணம் சூலூரில் ஒரு பஞ்சுக் குடோனில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக வேலுமணிதான் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து பழனாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கூட வாரீங்களா அம்மணி? தனியாப் போறதுக்கு எனக்கு மூஞ்சி இல்லீங்க." ஊரிலிருந்து செங்கோட்டையன் கொண்டுவந்த சர்க்கரைவள்ளியில் ஒரு பை நிரப்பியிருந்தார். செருப்பு மாட்டும்போது அதை வெறித்துப் பார்த்தார். "இதக் கொண்டுபோய் நீட்டுனா மூஞ்சீல அடிச்ச மாதிரி இருக்குமுங்க" என்று பையை உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

பஸ்ஸில் வழியெல்லாம் ஒரு திட்டம் சொன்னார். குடோன் முதலாளியைப் பார்க்க வேண்டும். இவர் நல்ல மனிதர், எங்களால்தான் வேலை போனது, நீங்கள் தைரியமாக வைத்துக்கொள்ளலாம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். "நான் சொன்னாக் கேட்டுக்குவாங்கல்லீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

குடோன் விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு இரும்புக் கதவுகள். பக்கத்தில் தகரக் கொட்டகை நிழலில் ஞானாபரணம் ஒரு ஸ்டூலில் டப்பாவைத் திறந்து வைத்து, தக்காளிச் சோறு சாப்பிடத் தொடங்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

"ஏனுங்க, உக்காருங்க. சாப்புடுங்க" என்றார் பழனாத்தாள். எங்கள் அபார்ட்மெண்டில் இருந்த காலமெல்லாம் அவரை இவர் 'ஏப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். லிஃப்டுக்குக்கூடப் போட்ட 'ங்க'வை இவருக்குப் போட்டு நான் கேட்டதில்லை.

ஞானாபரணம் உட்காரவில்லை. பழனாத்தாள் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். பெருக்கான், கால்வாய், வேலுமணி சொன்னது, தான் எழுதியது. நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை உங்களக் கேட்டிருக்கலாமுங்க. கேட்காம எழுதிப்போட்டேன். பெரிய தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்று உடனே சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"கிழங்கு எடுத்தேன்னு சொன்னதுகூடப் போயிட்டுப் போகுதுங்கம்மா" என்றார் கடைசியில். "நான் கிளம்புன அன்னைக்கு, நான் தினம் வேன்ல ஏத்திவிடற பாப்பா ஒண்ணு ஓடி வந்துச்சு. அவங்கம்மா பின்னாலயே வந்து கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அந்தப் பாப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. அதுதான் ராத்திரி படுத்தா வருது."

பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதை எடுத்துவிட்டு, "நான் உங்க முதலாளியப் பாத்துச் சொல்றனுங்க. நீங்க எப்பேர்ப்பட்டவருன்னு நானே சொல்றேன்" என்றார்.

ஞானாபரணத்தின் முகம் மாறியது. ஒரு அடி முன்னால் வந்தார். "வேண்டாங்கம்மா. தயவு செஞ்சு எதுவும் சொல்லிராதீங்க." குரலைத் தாழ்த்தினார். "இங்க யாருக்கும் தெரியாது. எங்க இருந்து வந்தேன், ஏன் வந்தேன்னு ஒண்ணும் தெரியாது. நீங்க நல்லது சொன்னாலும், ஏன் சொல்றாங்கன்னு கேப்பாங்க. அப்புறம் மறுபடியும் அங்க வால்பாறைக்குப் போன் போகும்."

பஸ்ஸில் அத்தனை தூரம் கொண்டுவந்த திட்டம் அது. நாங்கள் அங்கே நின்றுகொண்டிருப்பதே அவருக்கு ஆபத்து என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. பழனாத்தாள் சாலையைத் திரும்பிப் பார்த்தார். போய்விடலாமா என்பதுபோல என் கையைப் பற்றினார்.

அதற்குள் உள்ளிருந்து சூப்பர்வைசர் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர். பட்டுக்கரைச் சேலை கட்டிய ஒரு அம்மாளும் நானும் வாட்ச்மேன் கொட்டகையில் நிற்பதை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க நீங்க? யாரைப் பாக்கோணும்?"

ஞானாபரணம் எச்சில் கையோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒரம்பரைங்க" என்றார் பழனாத்தாள்.

உறவுக்காரர்கள் என்று பொருள். அவர்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாருக்கும் சும்மா கொடுத்துவிடமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் யாருக்கு முதலில் வைப்பது என்பதிலிருந்து, பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது வரை அந்தச் சொல்தான் தீர்மானிக்கும். சூப்பர்வைசர் பழனாத்தாளின் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, பேச்சையும் கேட்டுவிட்டு, ஞானாபரணத்தின் கழுத்தில் கிடந்த சிலுவைக் கயிற்றையும் பார்த்தார்.

"இந்தப் பக்கமா ஒரு சோலியா வந்தமுங்க. பாத்து வெகுநாளாச்சு, ஒரு எட்டுப் பாத்துப்போட்டுப் போலாமுன்னு" என்றார் பழனாத்தாள். குரல் நடுங்கவில்லை. கூட்டத்தில் வராத குரல் அது.

சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஞானாபரணம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது.

"சாப்புடுங்க" என்றார் பழனாத்தாள் மறுபடியும். அவர் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கவளம் பிசைந்தார்.

தெருமுனையில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று திரும்பி வந்து, கதவுக்கு நேரே நின்று ஹாரன் அடித்தது. ஞானாபரணம் கவளத்தைப் போட்டுவிட்டு எழப் பார்த்தார். பழனாத்தாள் அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கதவருகே போனார். கொண்டியைத் தூக்கினார். முதல் கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். இரும்பு தரையில் உரசிக்கொண்டு திறந்தது. இரண்டாவதையும் தள்ளி, அது காற்றில் திரும்பிவிடாமல் முதுகைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பொதி உரசிக்கொண்டு லாரி உள்ளே போனது. டிரைவர் ஜன்னல் வழியே, எல்லா வாட்ச்மேன்களுக்கும் காட்டுவதுபோல அவரைப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். புழுதி அடங்கியதும் பழனாத்தாள் இரண்டு கதவுகளையும் ஒவ்வொன்றாக இழுத்து மூடி, கொண்டியைப் போட்டார்.